பரிபூரணத்தின் கைப்பட்டை

என்னிடம் பழைய பட்டாளப் படத்தைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் திரும்பிப் போவார்கள். நான் என்ன செய்ய? கர்னல் தாத்தா என்று ஒருவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். தோளில் இருந்த சரிகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தாத்தா கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். இன்னொருத்தி கொண்டுவந்த சிப்பாய், தபால்காரர். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷம் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் அதிகாரியாக இருந்து, மேஜர் தேவகிருபை என்று பெயர்ப்பலகையோடு ஓய்வுபெற்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வந்து உட்கார்ந்தவள், இனி யாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும்?

சின்னத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற இந்தப் பழக்கம் ராணுவ ஆஸ்பத்திரியில் வந்தது. நினைவில்லாமல் தூக்கிவரப்படுகிற சிப்பாய் எந்தப் பிரிவு என்று யாரைக் கேட்பது? சட்டையைக் கத்தரித்து எடுக்கும்போதே தோளில் என்ன, தொப்பியில் என்ன என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிவிடுவோம். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருவர் சொல்லி ஒருவர் என்று, தென்காசியிலிருந்துகூடப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஜேசுதாசன் அண்ணாச்சி போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் யூனிட் வைத்திருப்பவர். எழுபத்துமூன்று வயது. எங்கள் சர்ச் சபைக்காரர். வெறுங்கையோடு எந்த வீட்டுக்கும் போகமாட்டார். கல்யாண வீடோ துக்க வீடோ, தோளில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதிலிருந்து நான்கு பேண்டேஜ் சுருளை எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணப் பெண்ணுக்குப் பேண்டேஜ் கொடுத்த மனுஷன் என்று நாங்கள் கேலி செய்வோம். அவருக்கும் அதில் பெருமைதான். அன்றைக்கும் என் மேஜையில் நான்கு சுருளை வைத்துவிட்டுத்தான் வேட்டித் துணியில் சுற்றியிருந்த படத்தை வெளியே எடுத்தார்.

"எங்க அப்பா, மேஜரம்மா. பரிபூரணம்னு பேரு. சண்டை நேரத்துல சயாம்ல எடுத்தது."

சட்டமிட்ட பெரிய படம். ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கையால் வண்ணம் தீட்டியது. இருபத்தைந்து வயது ஆள், இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிறார். கன்னத்தில் அந்தக் காலத்து ரோஸ் நிறம். இடது காது மடலில் சின்னதாக ஒரு கிழிசல். தொப்பியின் நடுவில் பொன்னிற நட்சத்திரம் ஒன்று. இடது கையில் வெள்ளைப் பட்டை, அதில் பளிச்சென்று செஞ்சிலுவை.

"டிரெஸ்ஸரா இருந்தாவ. ரயில் பாதை போடப் போன நம்ம சனங்களுக்குக் கட்டுப் போட்டவிய. இந்தா, கையில செஞ்சிலுவை. தொப்பியில பாருங்க, பெத்லகேம் நட்சத்திரம். மிஷன்காரங்க நடத்துன ஆம்புலன்ஸா இருக்கும்னு எங்க அம்மா சொல்லுவாக. எந்தப் பிரிவுன்னு மட்டும் தெரியல."

எந்தப் பிரிவு என்று அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டியிருந்தது. சபை நடத்துகிற ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டு மாற்றுவதற்கென்று தனி அறை ஒன்றை அவர் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. கல்வெட்டில் பொறிக்க வேண்டிய வாசகத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'இரண்டாம் உலகப் போரில்' என்று தொடங்கி, நடுவில் ஒரு விரற்கடை இடம் விட்டு, 'பிரிவில் காயம்பட்டோருக்குக் கட்டுப் போட்ட பரிபூரணம் அவர்கள் நினைவாக' என்று முடிந்திருந்தது. அந்த விரற்கடை இடம் எனக்கு.

பெத்லகேம் நட்சத்திரம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தனியாக ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றைத் தொப்பியில் வைத்துக்கொண்டு சயாமில், இன்றைய தாய்லாந்தில், நின்ற படை எது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜப்பான்காரன் தொப்பியோடு செஞ்சிலுவை இருக்கக்கூடாது என்று இல்லையே, அவர்களிடமும் மருத்துவப் பிரிவு உண்டுதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அண்ணாச்சி காப்பியை ஆறவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் காலேஜ் முடித்து வந்த சமயம். சனிக்கிழமைதோறும் அப்பாவைப் பைக்கில் உட்காரவைத்துச் சேத்தூருக்குக் கூட்டிப்போவாராம். சயாமிலிருந்து காலில் ஆறாத ரணத்தோடு திரும்பியவர்கள் அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவாராம் அப்பா. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் இறங்கினேன் என்றார்.

"அதுல சோணைமுத்துன்னு ஒருத்தரு. மொத வீடு அவரு வீடுதான். ஆனா காலைத் தொட விடமாட்டாரு. அப்பா பேசின்ல தண்ணியோட முன்னால உக்காந்திருப்பாவ. அவரு பாத்துக்கிட்டே இருப்பாரு. செத்த நேரம் கழிச்சு அந்தத் தண்ணியில காறித் துப்புவாரு. அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டாவ. எந்திரிச்சு அடுத்த வீட்டுக்குப் போவாவ. அந்தப் பொறுமை யாருக்கு வரும், சொல்லுங்க."

"பிறகு ஏன் அந்த வீட்டுக்குப் போகணும்?"

"அதான் பாசம்ங்கிறது. ஒரு வாரம் போகலைன்னா, அவரு மக வெள்ளைத்தாயி பஸ் ஏறி வந்து எங்க வீட்டு வாசல்ல நிக்கும். 'அய்யா வரச் சொன்னாக'ன்னு. காச்சல்னு படுத்திருந்தாலும் அப்பா எந்திரிச்சுப் போயிருவாவ. பொறவு அந்த வெள்ளைத்தாயி நம்ம யூனிட்லதான் இருவது வருசம் காஸ் துணி மடிச்சுது."

படத்தையும் அந்தத் தாளையும் விட்டுவிட்டுப் போனார். சட்டத்தைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்தேன். அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுகிறவர்கள் பழைய சின்னப் படத்தை வீசமாட்டார்கள். பெரிய படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் செருகிவிடுவார்கள். நான் தேடியதும் அதைத்தான். இருந்தது. உள்ளங்கை அகலம், கறுப்பு வெள்ளை, ஓரம் பழுப்பேறியது.

அதில் முழு உருவமும் தெரிந்தது. அதே காது மடல், அதே தொப்பி. கைப்பட்டையில் செஞ்சிலுவை இல்லை. மேலும் கீழுமாக இரண்டு எழுத்துகள் இருந்தன, நம் எழுத்தும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. வலது கையில் ஒரு பிரம்பு இருந்தது. பெரிதாக்கும்போது படத்தை இடுப்போடு நிறுத்தியதற்குக் காரணம் அந்தப் பிரம்புதான். பெரிய படத்தின் முதுகில் இராஜபாளையம் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரையும் 1948 என்ற வருஷமும் இருந்தன. சண்டை முடிந்து ஊர் திரும்பிய கொஞ்ச காலத்திலேயே, பரிபூரணம் தானே கொண்டுபோய்க் கொடுத்து எழுத்தை அழித்துச் சிலுவை போட்டு வாங்கியிருக்கிறார்.

என்னோடு வேலை பார்த்த எலினாவின் மகள் ஜப்பானில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அந்த இரண்டு எழுத்தைப் போனில் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. 'ராணுவப் போலீஸ் என்று இருக்கிறது ஆன்ட்டி. எங்கே கிடைத்தது?'

மலேயாவிலும் சயாமிலும் அந்தப் பட்டையைக் கண்டால் சனங்கள் பாதையை விட்டு இறங்கி நின்றார்கள் என்று படித்திருக்கிறேன். ரயில் பாதை வேலைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரர்கள் அள்ளிக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தப்பி ஓடினவர்களைப் பிடிக்க அவர்கள் பாஷை தெரிந்த ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கும் ஒரு பட்டை கட்டி, ஒரு பிரம்பைக் கையில் கொடுத்து, ஒரு படமும் எடுத்திருக்கிறார்கள்.

மூன்று நாள் அண்ணாச்சியின் போனை நான் எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பேண்டு செட்டுக்காரரின் பேரனிடம் பட்டென்று சொன்ன வாய்தானே இது. 'மருத்துவ' என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? தாளை எடுத்து எழுதியும் பார்த்தேன். விரற்கடை இடத்துக்கு அந்த வார்த்தை அளவெடுத்தது மாதிரி பொருந்தியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பரிபூரணமும் இப்படித்தானே ஸ்டுடியோவில் நின்று, சிலுவை சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்திருப்பார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலை இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

யூனிட்டின் முன்னறையில், தறிச் சத்தத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னப் படத்தை அவர் முன்னால் வைத்தேன். தெரிந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார்.

"இது வேற யாரோ."

"காதைப் பாருங்க அண்ணாச்சி."

"ஸ்டுடியோக்காரன் மாத்தி வச்சிருப்பான்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "நீங்க என்னைக்காவது ஒருத்தரையாவது நல்லதாச் சொல்லியிருக்கியளா? எவன் எதைக் கொண்டாந்தாலும் அதுல ஒரு பொய்யைத் தேடி எடுக்குறதுதான் ஒங்களுக்கு வேலை. எங்க அப்பா எம்புட்டுப் புண்ணைக் கழுவுனாவ தெரியுமா? நான் பாத்தேம்மா. கண்ணால பாத்தேன்!"

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அது எனக்கு உறைத்தது. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. அவர் கத்தி முடித்துவிட்டு மேஜையில் இருந்த பேண்டேஜ் சுருளை விரிப்பதும் சுற்றுவதுமாக இருந்தார். பிறகு வேறு யாரோ பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அந்தத் தண்ணியில துப்புனாரே, சோணைமுத்து. அது எதுக்கு?"

அதைச் சொல்ல இப்போது யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"வெள்ளைத்தாயி இருக்கு. சேத்தூர்லதான் இருக்கு."

அவர் காரிலேயே சேத்தூருக்குப் போனோம். மஞ்சள் பை அவர் மடியில் இருந்தது. வெள்ளைத்தாய்க்கு எழுபது வயது இருக்கும். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தாள். சர்க்கரை நோய்க்காரியின் கால். பெருவிரலில் ஒரு கட்டு, அழுக்கேறியிருந்தது. நர்ஸுக்கு முதலில் அதுதானே கண்ணில் படும்.

"வாங்க மொதலாளி. என்ன இம்புட்டுத் தூரம்? ஏட்டி நாகஜோதி, ரெண்டு சேர் எடுத்தா." மருமகள் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அண்ணாச்சி உட்காரவில்லை. சின்னப் படத்தை நீட்டினார். அவள் வாங்கி வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அதிர்ந்துபோவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. பஸ் டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கம்பு இம்புட்டு மெலிசாவா இருந்துச்சு? எங்க அய்யா சொன்னதை வச்சு நான் பெருசா நெனச்சிருந்தேன்."

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் அண்ணாச்சி.

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"வெவரம் தெரிஞ்ச நாளா."

அவளாகவே சொன்னாள். சோணைமுத்துவும் அவர் தம்பியும் ஒன்றாகத்தான் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போனார்கள். ஒன்றாகத்தான் சயாமுக்கு ஏற்றப்பட்டார்கள். காலரா வந்தபோது தம்பி காட்டு வழியே ஓடிவிட்டான். மூன்றாம் நாள் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தது, தமிழ் பேசுகிற வெள்ளைப் பட்டைக்காரர். ஒளிந்திருந்தவனிடம், 'நான் நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுதாம்லே, பயப்படாம வெளிய வா' என்று கூப்பிட்டிருக்கிறார். வந்திருக்கிறான். முகாமில் எல்லோரும் பார்க்கக் கட்டிவைத்து அடித்தார்கள். சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்ததாம்.

"அய்யா ஊருக்கு வந்த பொறவு, கால் புண்ணுக்கு மருந்து கட்ட ராசபாளையத்துல ஒரு கம்பவுண்டர்கிட்டப் போயிருக்காரு. திரையை விலக்குனா அங்க இருக்கது அந்த ஆளு. ரெண்டு பேருக்கும் ஆளு தெரிஞ்சு போச்சு. ஒங்க அப்பா எங்க அய்யா கால்லயே விழுந்துட்டாராம். அய்யா சொன்னாராம், 'எனக்கு ஒன் மருந்து வேண்டாம். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து என் முன்னால உக்காரணும். நான் சாகுற வரைக்கும்'னு."

"ஊருல ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"நானும் கேட்டேன். 'சொன்னா ஒரே நாள்ல அடிச்சுப் போட்ருவாங்க, அம்புட்டோட முடிஞ்சு போகும். வரட்டும்'னாரு. அதான் ஒரு வாரம் வரலைன்னா என்னையப் பஸ் ஏத்தித் தாட்டிவிடுவாரு."

அண்ணாச்சி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் பாசம் என்று அவர் பொத்தி வைத்திருந்த ஒன்றை, கோபமோ குரோதமோ இல்லாத குரலில் அவள் எடுத்துப் போட்டுவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார் என்று தோன்றியது.

"இருவது வருசம் எங்கிட்ட வேலை பாத்தியே தாயி. ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வேலை குடுத்தீக, செஞ்சேன். ஒங்க அப்பாவே சொல்லாததை நான் எப்படிச் சொல்ல? நீங்க அவுகளைச் சாமி மாதிரி வச்சிருந்தீக." படத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "ஒங்க அப்பா செத்த பொறவும் எங்க அய்யா ரெண்டு மூணு சனிக்கிழமை குளிச்சு வேட்டி மாத்தி வாசல்ல வந்து உக்காந்திருந்தாரு. யாரு வருவான்னு உக்காந்திருக்கீகன்னு கேட்டேன். அழுதாரு. தம்பிக்குக்கூட அவரு அழுது நான் பாக்கல."

அண்ணாச்சி குனிந்தார். மஞ்சள் பையிலிருந்து நான்கு சுருளை எடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். அவள் முக்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பெருவிரலில் இருந்த அழுக்குக் கட்டை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். வெள்ளைத்தாய் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் மொதலாளி. அதை எடுத்துட்டுப் போங்க. நான் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கட்டிக்கிடுவேன்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. சுருள்களைத் திரும்பப் பையில் போட்டார். ஒரு சுருள் கை தவறி உருண்டு வாசல்படி வரைக்கும் பிரிந்துகொண்டு போனது. நான்தான் போய்ச் சுற்றி எடுத்துவந்தேன். நாங்கள் கார் பக்கம் நடந்தபோது பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"வாங்க," என்றாள்.

திரும்பும் வழியில் கல்வெட்டுக்காரருக்கு அவரே போன் போட்டார். 'கட்டு மாற்றும் அறை' என்று மட்டும் போதும், பெயர் எதுவும் வேண்டாம் என்றார். மறுமுனையில் என்ன கேட்டார்களோ, "ஆமா, அம்புட்டுத்தான்" என்று வைத்துவிட்டார். சின்னப் படத்தை எரித்திருக்கலாமே, அப்பா ஏன் எரிக்காமல் விட்டுப்போனார் என்று என்னைக் கேட்டார். தொப்பியையும் பட்டையையும் பார்த்துப் படையைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும். படத்தை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"மேஜரம்மா, கெளம்பிட்டேன்." கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "என்ன கொண்டுபோக?"

இந்த மனுஷனுக்கு நான் ஒரு வார்த்தை பொய் எழுதிக் கொடுத்திருந்தால், இந்நேரம் திறப்பு விழாவுக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்.

"ஒண்ணும் கொண்டுபோகாதீங்க அண்ணாச்சி," என்றேன். "பையையும் வீட்டுல வச்சிட்டுப் போய் உக்காருங்க."